மங்கல் எங்கே இருக்கிறது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியை அடைந்து, மேற்கே திரும்பி, மெல்ல மேடேறிச் செல்லும் பாதையில் சிறிது தூரம் போனால் வருகிற குயிலாப்பாளையம் இன்று கடைகளும் உணவு விடுதிகளுமாக நெருங்கிக் கிடக்கிறது; ஆயினும் அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஊரின் பெயரைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றுவது அதன் செம்மண்தான். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 தேசங்களிலிருந்து கொணர்ந்த பிடிமண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில் நகரத்தைத் தொடங்கிவைத்தபோது, எங்கள் மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற பொட்டலாகவும், மழைநீர் அறுத்த பள்ளங்கள் கடலை நோக்கி ஓடுகிற வறண்ட பிரதேசமாகவும் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதன் பிறகு லட்சக்கணக்கான மரங்களை நட்டு அந்த நிலத்தைக் காடாக்கினார்கள் என்பது உலகம் அறிந்த விஷயம். ஆனால் நான் பள்ளிக்கூடம் போய்வந்த நாட்களில் அந்த மரங்கள் இன்னும் இளமரங்களாகவே நின்றமையால், ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து காற்று எழும்பிவிட்டால் போதும், செந்தூசி வானத்தை மறைத்துக்கொண்டு வந்து, கொடியில் உலரும் வேஷ்டியிலும் மூடிவைத்த சோற்றுப் பானையிலும் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவிலும் ஒருங்கே படிந்துவிடும்.

தூசியைப் பற்றி இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம், அத்தூசி செய்து வைத்த காரியத்தைச் சரிப்படுத்துவதிலேயே என் இளமையின் பெரும்பகுதி கழிந்தது என்பதுதான். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்க வசதியில்லாமல் நின்ற நான், ஊருக்கும் ஆரோவில் குடியிருப்புகளுக்கும் இடையே தகரக் கூரை வேய்ந்து நடந்துவந்த ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே அக்ரிலிக் பலகைகளை அறுத்தும் வளைத்தும் ஒட்டியும் விளக்குக் கூடுகள், பெயர்ப்பலகைகள், கூரையில் வெளிச்சம் இறங்குவதற்கான மூடிகள், ஜன்னல் அடைப்புகள் முதலியவற்றைச் செய்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பிளாஸ்டிக் கண்ணாடி என்றுதான் சொல்லுவார்கள்; பட்டறையில் நாங்கள் ஷீட்டு என்போம். பலகை சென்னையிலிருந்து காகிதம் ஒட்டி வரும்; அந்தக் காகிதத்தை உரித்தெடுக்கும் கணத்தில் அதற்கு அடியில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி அவ்வளவு தெளிவாக இருக்கும். அப்படிப்பட்ட பலகை எங்கள் ஊர் ஜன்னலில் இரண்டு கோடை இருந்தால், பால் தெளித்தாற்போல மங்கிவிடும். வீட்டுக்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டுத் தரும்படி கேட்பார்கள். பழைய பலகைகள் பட்டறையின் பின்புறத்தில் வேப்பமரத்தடியில் குவிந்து கிடந்தன.

அந்தக் குவியலை மதித்தவர் ஒருவரே. அவர் திண்டிவனத்துப் பக்கத்தைச் சேர்ந்தவர். இளவயதில் இந்திய விமானப்படையில் சேர்ந்து, வடநாட்டு விமானத் தளங்களில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வு பெற்றவர். 1965-ஆம் வருஷத்து யுத்தத்தில் கீர்த்தி பெற்ற நேட் என்னும் சிறு விமானங்களில் விமானியின் தலைக்குமேல் கவிந்திருக்கும் கண்ணாடிக் கூட்டைப் பரிசோதிப்பதும் பராமரிப்பதும் அவருடைய கடமைகளுள் ஒன்றாக இருந்ததாம். அந்தக் கூடும் அக்ரிலிக்கே. நாங்கள் அவரை ஐயா என்று அழைப்போம். அவர் எங்கள் எல்லோரையும், வயது வித்தியாசம் பாராமல், தம்பி என்றே அழைப்பார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

விமானக் கூட்டைப் பற்றி அவர் கூறிய விஷயங்களுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. பகலில் சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணுக்கே புலப்படாத மெல்லிய கீறல்கள், விமானி அஸ்தமன சூரியனுக்கு எதிரே திரும்பியவுடன் ஒவ்வொன்றும் ஒரு நெருப்புக் கோடாக எழுந்து அவனுடைய பார்வையை மறைத்துவிடும் என்றும், வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தொலைவில் வரும் எதிரி விமானமா, கூட்டின்மேல் உள்ள வடுவா என்று தீர்மானிக்க அவனுக்கு அவகாசம் இராது என்றும் அவர் சொன்னார். இதை விளக்குவதற்காக அவர் அன்று மாலையே ஒரு பழைய பலகையை என் கையில் கொடுத்து, அதன் வழியாக எரியும் பல்பைப் பார்க்கச் சொன்னார். பல்பைச் சுற்றிக் கீறல்களெல்லாம் வட்டம் வட்டமாக அமைந்திருப்பதைக் கண்டு, யாரோ சுழற்றிச் சுழற்றித் துடைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். பலகையை நகர்த்திப் பார் என்றார். நகர்த்தினேன், வட்டங்களின் மையம் பலகையோடு நகராமல் பல்பின்மேலேயே நின்றது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும்தான் இருக்கின்றன. ஆனால் விளக்குக்கும் கண்ணுக்கும் குறுக்கே சரியான கோணத்தில் அமைந்தவை மாத்திரமே ஒளியைத் திருப்பிவிடுவதால், அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. ஒரு பலகையை இவ்வளவு சிரத்தையோடு பார்க்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மங்கிய பலகையைக் கொண்டுவந்து வைத்தால் அவர் செய்கிற முதற்காரியம், அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் வார்ப்பது. "தம்பி, முதல்ல தண்ணிய ஊத்து. மங்கல் எங்க இருக்குன்னு அதுவே சொல்லும்" என்பார். தண்ணீர் பரவிய இடத்தில் பலகை பளிச்சென்று தெளிந்து, அடியில் உள்ள மேஜையின் மரக்கோடுகள் தெரிந்தால், மங்கல் மேற்பரப்பில் மாத்திரம் இருக்கிறது, பொருளுக்குள் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் பட்டும் மங்கல் நீங்கவில்லையானால், பழுது உள்ளே போய்விட்டது. இந்தப் பரீட்சையின் சூட்சுமத்தை அவர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒளி காற்றிலிருந்து அக்ரிலிக்குக்குள் நுழையும்போது வளைகிறது. பரப்பு சமமாக இருந்தால் எல்லாக் கதிர்களும் ஒரே விதமாக வளைந்து ஒழுங்காகச் செல்லும். பரப்பில் ஆயிரம் பள்ளங்கள் இருந்தால் ஆயிரம் விதமாக வளைந்து சிதறிப்போகும். காற்றுக்கு ஒளிவிலகல் எண் 1 என்றால் தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49. ஆகவே பள்ளங்களில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பினால், ஒளிக்கு அங்கே வேற்றுமை குறைந்து, சிதறலும் குறைந்துவிடுகிறது.

இதே தத்துவத்தைத் தெரிந்தோ தெரியாமலோ கையாண்டு, பழைய பலகையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி விற்கிறவர்கள் அந்நாளில் உண்டு. எண்ணெயின் விலகல் எண் தண்ணீரைவிட அக்ரிலிக்கை அதிகமாக நெருங்குவதால், பலகை புதியது போலவே தோன்றும். ஒரு வாரம் கழித்து அந்த எண்ணெயின்மேல் செந்தூசி வந்து ஒட்டிக்கொள்ளும்; வீட்டுக்காரர் துணியால் அழுத்தித் துடைப்பார்; முன்னிருந்த கீறல்களோடு இன்னும் ஆயிரம் கீறல்கள் சேரும். இதைப் பேசும்போது மாத்திரம் ஐயாவின் முகம் சுருங்கும். மறைப்பது வேறு, மங்கலைப் போக்குவது வேறு என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. நானும் இந்நாள் வரைக்கும் அந்த அபிப்பிராயத்தில் உறுதியாகவே இருக்கிறேன்.

எங்கள் ஊரில் பலகை மங்குவதற்குப் பெரும்பாலும் வெயில் காரணமன்று. அக்ரிலிக் வெயிலை வெகுகாலம் தாங்கும் பொருள். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உட்புக விடுவதும், கண்ணாடியில் பாதி எடையே உள்ளதுமான அதன் குறை ஒன்றே ஒன்று, அது மென்மையானது. எங்கள் செம்மண்ணுக்குள் கலந்திருக்கும் நுண்மணல் குவார்ட்ஸ் என்னும் ஸ்படிக ஜாதி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு ஏழாம் இடம். அக்ரிலிக்கின் கடினம் அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே ஜன்னலின்மேல் தூசி சும்மா படிந்திருக்கும்வரைக்கும் ஒரு தீங்கும் இல்லை. சுத்தத்தில் அக்கறையுள்ள ஒருவர் உலர்ந்த துணியை எடுத்து அதைத் துடைக்கத் தொடங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அதோடு, உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க அக்ரிலிக்கில் மின்னேற்றம் உண்டாகி, காற்றிலிருக்கும் தூசியையும் அது தன்பால் இழுத்துக்கொள்ளும். எவ்வளவுக்கெவ்வளவு அக்கறையாகத் துடைக்கிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு விரைவில் மங்கிப்போகிறது என்ற இந்தக் கொடுமையைக் கேட்டு மனம் வருந்திய வீட்டுக்காரர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் வேலையின் தொடக்கம் கழுவுதல். பலகையைத் தொட்டித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் கொஞ்சம் சோப்பு நீரை விட்டு, துணி எதுவும் இல்லாமல் வெறும் உள்ளங்கையால் வருட வேண்டும். கைக்கு ஒரு மணல் தட்டுப்பட்டால் கை அங்கே தானே நின்றுவிடும். துணிக்கு அந்த உணர்ச்சி கிடையாது. கிணற்று நீரைக்கூட மல்துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவோம். சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்க்கலாம் என்று ஒரு பையன் சொன்னபோது, அதிலுள்ள நார்த்துகளைத் தண்ணீரில் கரைத்து விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்க்கச் செய்து, ஏன் கூடாது என்பதை அவனே சொல்லும்படி ஐயா செய்துவிட்டார்.

கழுவியபின் நகத்தால் ஒரு சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்தால், நகம் தடுக்காமல் வழுக்கிச் செல்லுமானால் அது பாலிஷிலேயே போய்விடும். நகம் தடுக்கி நின்றால் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்துப் போட வேண்டும். ஆழ்ந்த கீறலுக்குச் சொரசொரப்பான 400 நம்பர், பிறகு 600, 800, 1000, 1200 என்று வரிசையாக ஏறிச் செல்ல வேண்டும். பிற்காலத்தில் 1500-உம் 2000-உம் எங்களுக்குக் கிடைத்தன. தாளை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, 400 நம்பரைக் கிழக்கு மேற்காகத் தேய்த்தால் 600 நம்பரைத் தெற்கு வடக்காகத் தேய்ப்போம். முந்தின தாளின் கோடுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் மறைந்தால்தான் அடுத்த தாளைத் தொடலாம் என்பது பட்டறையின் சட்டம். திசையை மாற்றித் தேய்ப்பதனால், மிஞ்சியவை எவை என்று உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் பலகையையும் கட்டையையும் கைகளையும் கழுவி, தொட்டித் தண்ணீரையும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்க வேண்டும். ஏனெனில் 400 நம்பர் தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் 1200 நம்பர் தாளுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால், அரைநாள் வேலை வீணாகும்.

கீறலை நாங்கள் அழிப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலை ஒருவரும் அழிக்க முடியாது; அதன் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் இறக்கிக்கொண்டு வருவதுதான் செய்யக்கூடியது. இது புரியாமல், கீறல் உள்ள இடத்தில் மாத்திரம் கட்டையை வைத்து அழுத்தித் தேய்த்தால் அங்கே ஒரு குழி விழும். பலகை தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வழியே தெரியும் தென்னைமரம் நடுவில் வளைந்து தோன்றும். ஆகவே ஒரு சாண் கீறலுக்காக ஒரு முழப் பரப்பைத் தேய்க்க நேரும். இந்த விரிவும் நிதானமும் இல்லாதவர்களுக்கு இத்தொழில் கைவராது.

வேலையின் நடுக்கட்டம் பார்க்கிறவர்களுக்கு மிகுந்த கலக்கத்தைத் தருவது. கொண்டுவந்து கொடுத்தபோது ஓரளவாவது வெளிச்சம் விட்ட பலகை, 600 நம்பர் முடிந்து உலர்ந்திருக்கும் தருணத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து, ஒரு நிழல்கூட ஊடுருவாமல் இருக்கும். அந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்ட ஓர் அம்மாள், தம் வீட்டு மாடி வெளிச்சத்தையெல்லாம் கெடுத்துவிட்டீர்களே என்று கண்ணீர் விடாத குறையாக வருந்தினார். ஐயா ஒரு வார்த்தையும் சொல்லாமல், பலகையின்மேல் ஒரு செம்பு தண்ணீரை வார்த்தார். வெண்மை கரைந்து, பலகைக்கு அப்பால் நின்ற வேப்பமரம் தெரிந்தது. "அம்மா, வெளிச்சம் உள்ளதான் இருக்கு. நாலு நாள் பொறுத்துக்குங்க" என்றார். அந்த அம்மாள் நான்காம் நாள் வந்து பலகையை வாங்கிக்கொண்டு போனதோடு நில்லாமல், தம் தெருவிலிருந்து இன்னும் பல பலகைகளை அனுப்பிவைத்தார்.

கடைசிக் கட்டம் துணியும் பாலிஷும். கரண்டு இருந்தால் தைத்த காடாத்துணிச் சக்கரத்தில் வெள்ளைக் காம்பவுண்டைப் பூசிச் சுழல விடுவோம். இங்கே ஜாக்கிரதை எல்லாம் சூட்டைப் பற்றியது. அக்ரிலிக் ஏறத்தாழ நூறு டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். சக்கரம் ஓரிடத்தில் இரண்டு நொடி தங்கிவிட்டால் அந்த இடம் இழுபட்டு அலை அலையாகிவிடும். ஆகவே பலகையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சக்கரம் இல்லாதபோது, கார் பட்டறைக்காரர்கள் உபயோகிக்கும் மெல்லிய ரப்பிங் காம்பவுண்டையும், அதன்பின் பித்தளைக்குப் போடும் பிராஸோவையும் பனியன் வேஸ்ட்டில் தொட்டுத் தேய்ப்போம். மெழுகு மிகக் கடைசியில். அதுவும் வேலையைக் காப்பதற்கே ஒழிய, குறையை நிரப்புவதற்கு அன்று.

தண்ணீர்ப் பரீட்சையில் தோற்றுப்போகிற பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயின்ட் துளிகள் தெறித்த ஜன்னலைச் சுத்தம் செய்ய எண்ணி ஒருவர் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார். அன்று ஒன்றும் தெரியவில்லை. சில நாட்களில் பலகைக்குள்ளே வெள்ளிக்கம்பிகளைப் போலச் சிறு வெடிப்புகள் கூட்டம் கூட்டமாக எழுந்துவிட்டன. தண்ணீர் வார்த்தும் அவை மறையவில்லை. அறுக்கும்போதும் வளைக்கும்போதும் பலகைக்குள் தங்கிவிடுகிற இறுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் வருஷக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கும் என்றும், தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் அது வெடிப்பாக வெளிப்படும் என்றும் ஐயா விளக்கினார். இதைத் தவிர்ப்பதற்காகவே, வேலை முடிந்த சாமான்களைத் தகரப் பெட்டி ஒன்றில் வைத்து, 80 டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் இருத்தி, பிறகு அவசரமில்லாமல் ஆறவிடும் வழக்கத்தை அவர் எங்களுக்கு ஏற்படுத்தினார். ஆனால் ஏற்கெனவே வெடித்துவிட்ட பலகைக்கு ஒரு சிகிச்சையும் கிடையாது. அந்த ஜன்னல்காரரிடம் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று பிற்பகல் முழுவதும் ஐயா வேறு வேலையில் மனம் செல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன்.

இந்த வித்தியாசம், அதாவது மேலே உள்ள மங்கலுக்கும் உள்ளே உள்ள மங்கலுக்கும் இடையிலான வித்தியாசம், என் வீட்டிலேயே வேறு ரூபத்தில் வந்து நின்றது. என் ஆயாவுக்குக் கண்புரை முற்றிக்கொண்டு வந்தது. திண்ணையில் உட்கார்ந்தபடி, நான் வீட்டுக்கு எடுத்துவந்து தேய்க்கும் விளக்குக் கூட்டைத் தடவிப் பார்ப்பாள். அதன் வழவழப்பு கைக்குத் தெரியும், தெளிவு கண்ணுக்குத் தெரியாது. "ஏன்டா கண்ணு, எந்த ஊட்டுப் பலகையையோ தேச்சித் தேச்சிப் பளபளன்னு ஆக்கறியே, எங் கண்ண அந்த மாதிரி தேய்க்க முடியாதாடா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய தங்கைக்கு முன்னொரு காலத்தில் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடி ஒருநாள் உடைந்துபோக, வேறு வாங்கும்வரைக்கும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதைக் கண்ட பயத்தினால் ஆயா ஆஸ்பத்திரியின் பெயரையே எடுக்க விடமாட்டாள்.

இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் விமானப்படை நாட்களில் கேள்விப்பட்டு, பிற்பாடு தேடிப் படித்தறிந்த ஒரு வரலாற்றை எனக்குச் சொன்னார். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனி 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரிலும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரிலும் வெளியிட்ட இந்த அக்ரிலிக், இரண்டாம் உலக யுத்தத்தில் விமானக் கூடுகளாயிற்று. குண்டு பட்டுக் கூடு சிதறும்போது அதன் சில்லுகள் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. அவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர், வேறு பல அந்நியப் பொருள்கள் புகுந்தால் சிவந்து சீழ்கொள்ளும் கண், இந்தச் சில்லுகளை வருஷக்கணக்கில் சாந்தமாகத் தாங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் புரை விழுந்து மங்கினால், அதை எடுத்துவிட்டு அதே அக்ரிலிக்கால் செய்த லென்ஸை ஏன் வைக்கக்கூடாது என்று யோசித்து, 1949-ஆம் வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அதைச் செய்தும் காட்டினார். சக வைத்தியர்களில் பலர் அவரை வெகுகாலம் எதிர்த்தார்கள். முடிவில் உலகம் அவர் வழிக்கு வந்தது. யுத்தத்தின் நாசத்திலிருந்து கோடிக்கணக்கானவர்களுக்குப் பார்வை வந்த இந்த வரலாற்றை, நான் தினமும் தேய்க்கிற பொருளின் வரலாறாகக் கேட்டபோது எனக்கு உண்டான உணர்ச்சியை என்னால் சரிவரச் சொல்ல இயலாது.

"ஆயாவோட கண்ணு தின்னர் பட்ட பலகை மாதிரி, தம்பி. மங்கல் உள்ள போயிருச்சு. தேய்ச்சுப் பிரயோஜனம் இல்ல, மாத்தித்தான் ஆகணும். ஆனா மாத்தறதுக்கு நம்ம ஷீட்டே இருக்கு" என்றார் ஐயா. அவரே வீட்டுக்கு வந்து ஆயாவிடம் நெடுநேரம் பேசினார். அவளுடைய பயம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீங்கவில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்து, தாம் குருவாகக் கொண்ட ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே சூட்டிய கண் ஆஸ்பத்திரி, 2003-இல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலும் திறக்கப்பட்ட பிறகு, ஒரு முகாமில் பெயர் கொடுத்து அவளை அழைத்துச் சென்றேன். வெளிநாட்டிலிருந்து வரும்போது ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த இந்த லென்ஸை, அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் என்னும் தொழிற்சாலையில் மிக மலிவாகச் செய்யத் தொடங்கியிருந்தமையால்தான், முகாமுக்கு வரும் கிராமத்து ஜனங்களுக்கு அது சாத்தியமாயிற்று. கட்டுப் பிரித்த மறுநாள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து, விளக்குக் கூட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஓரத்தில் 800 நம்பர் கோடு இரண்டு போகாமல் இருக்கிறது என்று, நம்பர் தெரியாவிட்டாலும் இடத்தை விரலால் காட்டிச் சொன்னாள். அவள் சொன்னது சரி. அந்தக் கூட்டை மறுபடியும் தண்ணீரில் போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தேன்.

ஐயா அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் திண்டிவனத்தில் தம் மகன் வீட்டில் காலமானார். பட்டறைப் பொறுப்பு என்னிடம் வந்தது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், எங்கள் மேட்டில் அரும்பாடுபட்டு வளர்த்த மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று. கிளைகள் உரசியும், காற்று வாரியடித்த மணல் அறைந்தும் ஊரிலுள்ள அக்ரிலிக் மூடிகளும் ஜன்னல்களும் ஏறக்குறைய எல்லாமே மங்கிப்போயின. முந்திரித் தோப்புகள் அழிந்து, வீடிழந்தவர்கள் கூரைக்கு வழியில்லாமல் இருந்த அந்த நாட்களில், பலகைக்குப் பளபளப்பு ஏற்றுவது ஒரு காரியமா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பல நாட்களாகக் கரண்டு இல்லை. விளக்கு இல்லாத வகுப்பறைகளுக்குக் கூரை மூடி வழியாக இறங்கும் வெளிச்சமே வெளிச்சம் என்று ஓர் ஆசிரியர் வந்து சொன்னபோது, அது அவசரமான காரியமாகவே ஆகிவிட்டது. சக்கரம் ஓடாது. ஆகையால் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைக் கூட்டி, மரத்தடியில் தொட்டிகளை வரிசையாக வைத்து, நம்பருக்கு ஒரு தொட்டி என்று பிரித்து, முழுவதையும் கையாலேயே செய்தோம். 400 நம்பர்த் தொட்டியில் கை வைத்தவன் 1200 நம்பர்த் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்ற ஐயாவின் கட்டளையை அவரை அறியாத அந்தப் பிள்ளைகள் மிக ஒழுங்காகக் காத்தார்கள். பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்து மூடிகளை ஒவ்வொன்றாகக் கூரைக்கு ஏற்றினோம்.

அவர்களுள் ஒருவன் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறான். கைத்திறன் நன்றாக உள்ளவன். சமீபத்தில் பழுத்து மஞ்சளாகிவிட்ட கார் முகப்பு விளக்கின் மூடிகளை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, 1000 நம்பர்ல ஆரம்பிச்சாப் போதுமா?" என்று கேட்டான். இது அக்ரிலிக் அன்று, பாலிகார்பனேட் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாலிகார்பனேட் அடிக்கு அசையாது, ஆனால் வெயிலுக்கு மஞ்சளாகும். அதைத் தடுக்க மேலே ஒரு கடினப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு கெட்டுத்தான் மூடி மங்குகிறது. தேய்த்தால் கெட்ட பூச்சும் மஞ்சளும் போய், மூடி அன்றைக்குப் புதிது போல ஜொலிக்கும். வண்டிக்காரர் மகிழ்ந்து காசு கொடுப்பார். காவலில்லாத அந்தப் பரப்பு அடுத்த கோடைக்குள் முன்னிலும் மோசமாகப் பழுத்துவிடும். வெயிலைத் தடுக்கும் புதுப் பூச்சு மேலே போட்டுத் தருவதானால் இந்த வேலையை ஏற்கலாம், இல்லாவிட்டால் வண்டிக்காரரிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றேன். எல்லோரும் தேய்த்து மாத்திரம்தானே கொடுக்கிறார்கள் என்று முதலில் தயங்கினான், பிறகு ஒப்புக்கொண்டான். பூச்சு விசாரித்து வரச் சென்னைக்குப் போயிருக்கிறான். கொண்டுவந்ததும் அதைப் பழைய மூடி ஒன்றின் பாதியில் மாத்திரம் அடித்து, இந்தச் சித்திரை வைகாசி வெயில் முழுவதும் பட்டறைக் கூரைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வேலை எடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.